பிளாஸ்டிக் சாமந்தி மாலை

அன்று திரையிட்ட ஐந்து குறும்படங்களில் நான்கில் கொலை இருந்தது. அரிவாள், கத்தி, கடைசியாக ஒரு பாறாங்கல். ஒவ்வொரு வெட்டுக்கும் மண்டபம் விசிலடித்தது. எடுத்தவர்கள் எல்லோரும் பென்னாகரம், ஏரியூர், பாலக்கோட்டுப் பக்கத்துப் பையன்கள். படங்களில் செத்தவர்களும் அவர்களே. தன் கழுத்து அறுபடுவதைப் பார்த்துவிட்டு ஒருவன் எழுந்து நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டான். குளுக்கோஸில் சிவப்புக் கலர் கரைத்த ரத்தம் திரையில் நன்றாகவே இருந்தது.

ஐந்தாவது படத்தில் ஓர் அடிகூட இல்லை. நிஜ ரத்தம் வந்தது அதற்குத்தான்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள், ஓசூரில் வேலை. பென்னாகரத்துக் கல்யாண மண்டபத்தில் எங்கள் குறும்படக் குழு படம் போடும்போதெல்லாம் புரொஜெக்டரும் ஒலியும் என் பொறுப்பு. கிளம்பும் முன் ஒரு பட்டியல் எழுதிக்கொள்வேன்: உபரி கேபிள், ஜங்ஷன் பாக்ஸ், யுபிஎஸ், டேப், டார்ச். கரண்ட் போனால் என்ன செய்வது, ஸ்பீக்கர் கரகரத்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் இருக்கும். மனிதர்கள் இருக்கமாட்டார்கள்.

ஐந்தாவது படத்தை எடுத்தவனை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன்; செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். இரண்டு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளை அந்தப் படத்துக்குக் கொடுத்திருந்தான். கதை சின்னது. அப்பா இறந்தபின் நிலத்தை விற்கப்போகும் மகன், பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் சுவரில் இருக்கும் அப்பாவின் போட்டோவோடு பேசுகிறான். அந்தப் பேச்சுதான் படம். அதை எடுத்துவிட்டால் வரப்பும் மாடும்தான் மிஞ்சும்.

படப்பிடிப்புக்கு வீடு கொடுத்தவர் ஏரியூர்ப் பக்கத்து விவசாயி. அந்தப் பேச்சை எடுத்த அன்று குடும்பத்தோடு கோயிலுக்குப் போயிருந்தார். அப்பாவாகக் காட்ட வேண்டிய போட்டோவைக் கொண்டுவர நடிகன் மறந்துவிட்டான். கூடத்துச் சுவரில் சரியான உயரத்தில் வீட்டுக்காரரின் போட்டோவே தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை, தோளில் பச்சைத் துண்டு. தம்பி அதற்குப் பிளாஸ்டிக் சாமந்தி மாலை போட்டு, பொட்டு வைத்து, சீரியல் பல்பு எரியவிட்டான். அவர்கள் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டான். போட்டோ பின்னால் மங்கலாகத்தானே தெரியும், யாருக்கும் அடையாளம் புரியாது என்று நினைத்திருக்கிறான். லேப்டாப்பில் அந்த முகம் விரல்நகம் அளவுதான். மண்டபத்துத் திரையில் அது ஆளுயரம்.

அந்தக் காட்சியை எடுத்த அடுத்த வாரம், தக்காளிப் பெட்டிகளோடு பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் அவருடைய டிராக்டர் கவிழ்ந்தது. விலா எலும்பு உடைந்து நுரையீரலில் குத்தியது. பிழைப்பாரா என்று தெரியாமல் கிடந்தார். பிழைத்து, ஊன்றுகோலோடு முதன்முதலில் வெளியே வந்தது இந்தத் திரையிடலுக்குத்தான். முன்வரிசையில் உட்காரவைத்தோம். தம்பியே அவருக்கு ரோஜா மாலை போட்டான். "நல்லா தூக்கிப் போடுடா, கழுத்து எலும்பு ஒடியல" என்று அவர் சொன்னதற்கு மண்டபமே சிரித்தது.

அந்தக் காட்சி வந்தது. மகன் நிமிர்ந்து சுவரைப் பார்த்து, "அப்பா" என்றான்.

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி எழுந்தார். "அது யாரு?" என்று மெதுவாகத்தான் கேட்டார். பிறகு கத்தினார். "எங்கூட்டுக்காரரு! அய்யோ, எங்கூட்டுக்காரருக்கு மாலை போட்டிருக்குது!"

"நிறுத்துடா" என்று யாரோ கூவினார்கள். என் பக்கத்தில் நின்ற தம்பி பதறிப்போய் லேப்டாப்பைத் தட்டினான். படம் நின்றது, சரியாக அந்தப் போட்டோவில். மாலை, பொட்டு, சிவப்பும் பச்சையுமாகப் பல்பு, நடுவில் அசையாத முகம்.

அந்த அம்மா மேடையேறி ஓடி, திரையில் மாலை தெரிந்த இடத்தைப் பிடித்து இழுத்தார். பிடிக்க அங்கே என்ன இருக்கிறது, வெளிச்சம்தானே. மாலை அவர் கையிலும் முதுகிலும் ஏறிக்கொண்டது. இழுத்த வேகத்தில் திரைத்துணி மேலிருந்து கீழாகக் கிழிந்தது. கம்பி சாய்ந்து ஸ்பீக்கரைத் தள்ளியது.

அவர்களுடைய பெரிய மகன் நாற்காலிகளைச் சுற்றி வரவில்லை, அவற்றின் மேலேயே ஏறி வந்தான். "ஏன்டா, உசுரோட இருக்கற மனுசனுக்கு மாலை போடுவியா? உங்கூட்டுல ஆளே இல்லியாடா?" முதல் அடி கையால். அடுத்தது மடக்கு நாற்காலியால். அதன் இரும்புக் கால் தம்பியின் வாயில் பட்டபோது ஸ்விட்ச் போடுவதுபோல் ஒரு சின்ன சத்தம் கேட்டது. பல் உடைந்த சத்தம் அது. சின்ன மகன் அவன் கழுத்தைப் பிடித்து என் மேசைமேல் அழுத்தினான்.

"எங்கப்பன் மூச்சுக்கு இழுத்துக்கிட்டு கெடந்தப்ப ஆரஞ்சு வாங்கிட்டு வந்து பாத்தியே! நாயே, மாலை போட்டவனும் நீதானா?"

நான் புரொஜெக்டரின் லென்ஸைக் கையால் மூடினேன். சூடு உள்ளங்கையைப் பொசுக்கியது. முகம் மறைந்தால் அடி நிற்கும் என்று நினைத்தேன். இருட்டில் யார் யாரை அடிக்கிறார்கள் என்பது தெரியாமல் போனதுதான் மிச்சம். விலக்க வந்தவர்களுக்கும் விழுந்தது. எவரோ என் தோளில் குத்தினார். டியூப் லைட் எரிந்தபோது, திரையில் நாலு பேரை வெட்டிய கதாநாயகன் வாசலில் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். மேசையில் சிந்தியிருந்த ரத்தம் குளுக்கோஸ் ரத்தத்தைவிடக் கறுப்பாக இருந்தது.

"அழிடா. மொத்தத்தையும் இப்பவே அழி," என்று பெரிய மகன் ஹார்டு டிஸ்கைப் பிடுங்கி ஓங்கினான்.

தம்பி அவன் காலைக் கட்டிக்கொண்டான். "மூஞ்சிய மட்டும் எடுத்துடறேன்ணா. படத்த வுட்டுடுங்கண்ணா." காலைக் கட்டியவன் நெஞ்சிலேயே உதை விழுந்தது.

முன்வரிசையிலிருந்து அந்த விவசாயி பேசினார், மூச்சு வாங்க. "வுடுங்கடா அவன. செத்தவன் சொல்றேன், வுடுங்க."

அவர் மனைவி மேடையிலிருந்து இறங்கி வந்து, அவர் வாய்மேல் பட்டென்று ஓர் அடி போட்டார். "அந்தப் பேச்சப் பேசாதய்யா!" அவர் கழுத்திலிருந்த ரோஜா மாலையை இழுத்து அறுத்து எறிந்தார். பிறகு மண்டப வாசல் பிள்ளையார் முன்னால் கற்பூரம் ஏற்றி, தம்பியை இழுத்துவரச் சொன்னார்.

"எந்தக் காப்பியிலயும் இவரு இருக்கக்கூடாது. அடிச்சு சத்தியம் பண்ணு." என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ படிச்ச பொண்ணு. மூஞ்சிய அழிச்சா ஆளு சுத்தமா போயிடுவாரா?"

"மூஞ்சிய மறைச்சாலும் சட்டையும் துண்டும் தெரியுங்க. அந்தக் காட்சியையே வெட்டினாத்தாங்க போகும்," என்றேன்.

தம்பி என்னைப் பார்த்தான். "அக்கா, படமே அதுதானேக்கா."

"தெரியும்."

அவன் உள்ளங்கையால் சுடரை அடித்து அணைத்தான். பெரிய மகன் டிஸ்கை அவன் மடியில் போட்டுவிட்டுப் போனான்.

உதட்டில் தையல் போட்ட கையோடு, தம்பி வேறு போட்டோ தேடி ஊரெல்லாம் அலைந்தான். உயிரோடு இருப்பவர்களிடம் கேட்கவே வழியில்லை. இறந்தவர்களின் வீட்டிலும் கொடுக்கவில்லை. "எங்கப்பா உன் சினிமாவுல நடிக்கவா செத்தாரு?" என்று ஒருவர் செருப்பைக் கழற்றினார். இணையத்தில் ஏதாவது முகத்தை எடுத்துக்கொள் என்றேன். "அவங்கூட்டுலயும் ஒரு அம்மா இருக்குமேக்கா" என்றான்.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு மேலிருக்கும் அறைக்கு என்னைக் கூப்பிட்டான். அவன் அம்மா வந்துவிடக் கூடாது என்று கதவை உள்ளே தாழ்போட்டான். "இப்ப படத்துல செத்தது அப்பா இல்லக்கா. அண்ணன் செத்துட்டான்னு கதைய மாத்திட்டேன்." சட்டம் போட்ட போட்டோவை நீட்டினான். அதில் இருந்தது அவன்தான். தலையை ஈரமாக வாரியிருந்தான். உதட்டில் தையல் தெரிந்தது.

நான் ஆணி அடித்தேன். போட்டோவை மாட்டி, கோணலாக இல்லை என்று பார்த்துக்கொண்டேன். பல்புக்கு ஒயர் இழுத்தேன். கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அதே பிளாஸ்டிக் மாலையை என்னிடம் எறிந்தான். "போடுங்கக்கா, நான் ஃபோகஸ் பாக்கறேன்."

எடையே இல்லாத மாலை. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கை எழும்பவில்லை. அவனே வந்து என் கையிலிருந்து வாங்கித் தன் போட்டோவுக்குப் போட்டுக்கொண்டான்.

"நேரா இருக்குதாக்கா?"

"இடது பக்கம் கொஞ்சம் தூக்கு," என்றேன்.