அண்ணாவின் சத்தமில்லாத தாழ்ப்பாள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அண்ணாவின் வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லாததைப் பார்த்திருப்பீர்கள். காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணா, "என் அஜாக்கிரதை" என்ற ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தார். அது பொய். அவர் ஆயுளில் சொன்ன ஒரே பொய் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அவரோடு சீட்டாடியவர்கள் சிரிப்பார்கள். அண்ணா காலமாகி வருஷாப்திகம் முடிந்த இன்று அந்த விரல்கள் போன கதையை உள்ளபடி எழுதுகிறேன். அதை மறைத்துவிட்டு அண்ணாவைப் புகழ எனக்கு யோக்கியதை இல்லை.

அண்ணா மாயவரத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவர். அப்பா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஆறு. படிப்பை விட்டுவிட்டு ரயில் பட்டறை ஒன்றில் வரைபடம் போடக் கற்று, அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். பிறகு கல்கத்தாவில் வண்டிக்கூடு கட்டும் கம்பெனி ஒன்றில் வரைபடக்காரர் வேலை கிடைத்து, காளிகாட்டில் ஒரு சந்து வீட்டில் மன்னியோடு குடியேறினார். என்னையும் வரவழைத்து அதே கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்த்துவிட்டார். கோபம் வந்தால் அண்ணா பேசமாட்டார். பென்சில் சீவ ஆரம்பித்துவிடுவார். வீட்டில் பென்சில் குட்டையாகிக்கொண்டே போனால் மன்னி என்னைப் பார்த்து, "இன்னிக்கு என்ன பண்ணித் தொலைச்சே?" என்பாள்.

அண்ணாவுக்கு வங்காளி வராது. எனக்கு வரும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். டிராமில் வாய் ஓயாமல் பேசுவேன். கேட்டவர்கள் சிரித்தால் மெச்சுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வேன். அதனால் பட்டறையில் மிஸ்திரிகளிடம் அண்ணா ஏதாவது சொல்லவேண்டுமானால் நான்தான் அவருடைய வாய்.

மோட்டார் வண்டிகள் நகரத்துக்குப் புதிதாக வந்துகொண்டிருந்த காலம். பாலிகஞ்சில் ஒரு வக்கீல் தம் தாயாருக்காக எங்கள் கம்பெனியில் மோட்டாருக்குக் கூடு கட்டச் சொன்னார். அந்த அம்மாளுக்கு நரம்பு வியாதி. திடீரென்று ஒரு சத்தம் கேட்டால் போதும், உடம்பு வில்லாக வளைந்து இழுப்பு வந்துவிடும். அடுத்த இழுப்பைத் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வண்டிக்குள் ஒரு படுக்கைப் பலகை. வாசல்வரை வெளியே இழுத்து, அம்மாளைப் படுக்கவைத்து, உள்ளே தள்ளிப் பூட்டவேண்டும். முதலில் போட்ட தாழ்ப்பாள் விழுந்தபோது 'டக்' என்றது. அன்றைக்கு அந்த அம்மாள் பிழைத்ததே பெரிது.

"ஒரு வாரத்தில் சத்தமில்லாத தாழ்ப்பாள் வேண்டும்" என்று கம்பெனித் துரை அண்ணாவிடம் சொன்னார். பலகைக்கு அடியில் இருந்ததோ இரண்டு விரல் உயரம்தான். பழைய தாழ்ப்பாளே அங்கே முட்டிக்கொண்டிருந்தது. அண்ணா நிமிர்ந்து நின்ற சுருள்வில்லைப் படுக்கப் போட்டார், பூட்டில் விழும் இரும்புத் துண்டைப் பாதியாகக் குறுக்கினார். இடம் கிடைத்தது. சத்தம் மட்டும் போகவில்லை.

சரிவான மேடையில் வண்டியை ஏற்றி, பலகைமேல் மணல் மூட்டைகளை அடுக்கிச் சோதனை நடந்தது. ஹரிபத மிஸ்திரி வெளியே தாழ்ப்பாளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர் பக்கத்தில். அண்ணா அடியில் படுத்து, வலக்கையை உள்ளே விட்டு, எது எதில் இடிக்கிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டுபிடிச்சுட்டேன்டா" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "முனை தட்டையா இருக்கு, அதான் விளிம்பிலே இடிக்கிறது. முனையை உருட்டணும். அவர்கிட்ட சொல்லு."

நான் மிஸ்திரியைப் பார்த்து, "கோல்" என்றேன். வங்காளியில் 'கோல்' என்றால் உருண்டை. அவர் திகைத்து என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கவில்லை என்று எனக்கு எரிச்சல். "கோல், கோல்" என்று அதட்டினேன். அவர் கைப்பிடியை இழுத்துவிட்டார்.

மூட்டைகளோடு பலகை அண்ணாவின் கைமேல் சறுக்கி இறங்கியது. அண்ணா அலறவில்லை. "டேய், தள்ளுடா" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரல் இன்றும் என் காதைவிட்டுப் போகவில்லை.

வங்காளியில் க நான்கு விதம். உருண்டைக்கு மூன்றாம் க போடுகிறார்கள். இரண்டாம் க போட்டால் 'திற' என்று அர்த்தம். நம் நாக்குக்கு எல்லாம் ஒரே க. இந்த மலரிலும் இரண்டையும் ஒரே எழுத்தில்தான் அச்சிட முடிகிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதரை, 'திற, திற' என்று நான் அதட்டியிருக்கிறேன்.

துரை வந்து, யார் திறந்தது என்று கேட்டார். மிஸ்திரி, "என் காதில் சரியாக விழவில்லை ஸார்" என்றார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தரையைப் பார்த்தேன். வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு. அண்ணா துணி சுற்றிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு, "நான்தான் திறக்கச் சொன்னேன். என் அஜாக்கிரதை" என்றார். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

காய்ச்சல் விட்ட மறுநாளே இடக்கையால் கோடு போட உட்கார்ந்துவிட்டார். மன்னி அளவுகோலை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். கோடு கோணினால் அழிப்பாள். அந்தப் படத்தை வைத்து மிஸ்திரி முனையை உருட்டி அராவி, தோல் தொப்பி மாட்டினார்.

பாலிகஞ்ச் வீட்டு வாசலில் அம்மாளைப் பலகையில் படுக்கவைத்தார்கள். டாக்டர் ஒருபுறம், வக்கீல் ஒருபுறம். மிஸ்திரி பலகையை உள்ளே தள்ளினார். நாங்கள் எல்லோரும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மாள் மெதுவாகக் கண்ணைத் திறந்து, "எப்போ பூட்டப் போறீங்க? சொல்லிட்டுப் பூட்டுங்க" என்று வங்காளியில் கேட்டார். தாழ்ப்பாள் ஏற்கெனவே விழுந்திருந்தது. அண்ணா சுவர்ப்பக்கம் திரும்பி இடக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் துர்கா பூஜை முடிந்ததும், பெரியவர்களை வணங்கும் விஜயா தினத்தில் ஹரிபத மிஸ்திரி சந்தேஷ் மிட்டாய் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். அண்ணாவின் கால்களைத் தொடுவார், பிறகு அந்தக் கையைத் தொடுவார். தம் காதுதான் இதைச் செய்தது, பாபு தம்மைக் காப்பாற்றிவிட்டார் என்று அவர் நினைப்பு. காதில் எண்ணெய் விட்டுப் பஞ்சு வைத்துக்கொள்ளும் வழக்கமும் அப்போது வந்ததுதான். அவர் போனபின் அண்ணா பென்சிலை எடுப்பார்.

"நீதான் சொல்லணும். நான் சொன்னா அது கோள் சொல்றதாயிடும்" என்றார் ஒரு முறை.

போன வருஷம் மார்ச்சளி கண்டு அண்ணா மூன்று வாரம் படுத்திருந்தார். கடைசிக்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டு, "சொன்னியா?" என்றார். "சொல்றேன் அண்ணா" என்றேன். அவர் இடக்கை பென்சிலைத் தேடுவதுபோல் போர்வைமேல் அலைந்தது.

அண்ணாவின் நோயில் தினமும் வந்து பார்த்த டாக்டருக்கும், பார்லிக் கஞ்சி வைத்துக் கொடுத்த நாங்கள் தீதி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும், ஆதி கங்கைக் கரை மயானம்வரை தோள் கொடுத்த கம்பெனி நண்பர்களுக்கும், ஊரிலிருந்து ரயிலேறி வந்த பந்துக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கோணல் கோடுகளை அழித்துக்கொடுத்த மன்னிக்கு நான் நன்றி சொன்னால் திட்டுவாள். நன்றியோடு மன்னிப்பும் கேட்கவேண்டியவர் ஒருவர் உண்டு. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

சென்ற விஜயாவுக்கும் அவர் சந்தேஷோடு வந்தார். அண்ணாவின் நாற்காலி காலியாக இருந்தது. அவர் அதன் முன்னே குனிந்தார். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. உட்காரவைத்து, ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார், எழுந்து போய்விடுவார் என்று காத்திருந்தேன். அவர் காதிலிருந்த பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "அந்தச் சொல்லை இப்போ ஒருதரம் சொல்லுங்க பாபு" என்றார்.

சொன்னேன். இத்தனை வருஷமாகத் தனியே இருக்கும்போதெல்லாம் சொல்லிப் பழகிய மூன்றாம் க. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அதையும் சொன்னேன்.

"இப்பவும் 'திற'ன்னுதான் கேக்குது" என்றார் ஹரிபத மிஸ்திரி. அவர் கண்கள் நிறைந்துவிட்டன. "அப்போ என் காது நல்லாத்தான் இருந்திருக்கு, பாபு."