அரக்கனுக்கு ஒரு வரவுப் பாட்டு

முழுதாகக் கிடைத்த எதுவும் என் கையில் நெடுநாள் நிற்பதில்லை. பாதியாகக் கிடைத்ததை விடமாட்டேன். ஜெர்மனியின் பான் நகரில் ஆராய்ச்சி செய்யும் சென்னைத் தோழி ஒருத்தி, பிரித்தானியாவின் புராண அரசர்களைப் பற்றி முதலாம் எலிசபெத் காலத்தில் மேடையேறி, பிறகு பிரதி தொலைந்துபோன நாடகங்களைப் பற்றிச் சொன்னாள். என் தேநீர் ஆறிப்போனது.

"இதுல ஒண்ணுக்கு டைட்டில் மட்டும்தான்க்கா மிச்சம். ஆனா கதை பழைய வரலாற்று நூல்கள்ல இருக்கு. எரிஞ்சுபோன ட்ராய் நகரத்து வம்சத்துல வந்த ஒருத்தன் கப்பல்ல தன் ஆளுங்களோட ஒரு தீவுக்கு வர்றான். அங்க இருக்கறது அரக்கங்க மட்டும். கடைசி அரக்கனை மல்யுத்தத்துல ஜெயிச்சு, பாறை மேலேருந்து தள்ளிட்டு, தீவுக்குத் தலைவன் பேரை வைக்கிறாங்க."

ஊர் எரிந்தது, கப்பல் ஏறியது, கரை கண்டது. இங்கே எசன் நகரில் வாழும் ஈழத்தமிழருக்கு இதற்கு உரை எழுதத் தேவையில்லை. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுவிழாவுக்கு அதைக் கூத்தாக எழுதினேன். எல்லோருக்கும் கப்பலில்தான் இடம் வேண்டியிருந்தது. ஆறடிக்கு மேல் வளர்ந்த பஸ் சாரதி அண்ணை ஒருவர் மட்டும் அரக்கனாக ஒப்புக்கொண்டார். ஒத்திகையில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, கப்பல்காரர் எல்லாருக்கும் வரவுப் பாட்டு இருக்கு. என்ர எங்கை?"

கூத்தில் ஒவ்வொருவரும் தான் யாரென்று பாடி ஆடித்தான் மேடைக்கு வருவார்கள். அரக்கனுக்கு நான் எழுதியிருந்தது ஓர் உறுமல்.

"நீங்கள் வந்த உடனை விழப்போறியள் அண்ணை. பாட்டு எதுக்கு?"

"பாட்டில்லாமல் வாறதெண்டால், நான் என்ன கதிரை மேசை அடுக்க வாறனோ? ஏலாது. வேறை ஆளைப் பாருங்கோ."

"அண்ணைக்குப் பாட்டு வரும், பஸ் மாதிரிப் பிந்தி வரும்!" என்றது கப்பல் கூட்டம். அவர் சிரிக்கவில்லை. ஜாக்கெட்டை எடுத்தார். அவர் போனால் அரக்கன் இல்லை. அரக்கன் இல்லாமல் என் நாடகமும் இல்லை.

"போகாதேங்கோ. நாளைக்குப் பாட்டோடை வாறன்."

டுசல்டோர்ஃப் போகும் ரயிலில் எழுதினேன். ஈரத் தோட்டங்களும் புகையில்லாத புகைபோக்கிகளும் பின்னால் ஓடின. உறுமலைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஓர் ஆள் இருந்தார். அந்தக் கரையில் குளித்தவர், அந்தக் காற்றுகளுக்குப் பெயர் வைத்தவர். தூரத்தில் பாய்மரத்தைக் கண்டு, வருவது விருந்தாளியாக்கும் என்று அடுப்பு மூட்டுகிறவர்.

விழாவில் அவர் அதைப் பாடி ஆடி வந்தார். மண்டபத்தில் கதை பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மல்யுத்தம் நடந்தது. ஒத்திகையில் செய்தபடி அண்ணை விழுந்தார், மேடைப் பலகை அதிர. மத்தளம் வெற்றிப் பாட்டுக்கு முழங்கியது. ஒருவரும் கை தட்டவில்லை. கப்பல்காரரும் பாடத் தொடங்கவில்லை.

பின்வரிசையிலிருந்து ஓர் அக்காவின் குரல் வந்தது: "ஐயோ, அந்தாளை எழுப்பிவிடுங்கோவன்!"

தலைவன் வேடக்காரர் திரையோரத்தில் நின்ற என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். அவர் கை நீட்டினார். அண்ணை அந்தக் கையைப் பிடித்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் மண்டபம் கை தட்டியது. வெற்றிப் பாட்டை அவரையும் நடுவில் நிறுத்திக்கொண்டு பாடினார்கள்.

தோழி மேடைக்குப் பின்னால் ஓடி வந்தாள். "அக்கா, சோர்ஸ்ல அவன் எழுந்திருக்கவே மாட்டான்!"

"தொலைஞ்ச பிரதியைத் தேடிக் கொண்டு வாரும், பாப்பம்," என்றேன். "அதுவரைக்கும் அவர் எழும்புவார்."