பர்மாவுக்குப் போனவன்

என் நாவலின் நாயகன் சாக வேண்டும் என்று முதல் அத்தியாயத்திலேயே முடிவு செய்துவிட்டேன். கள்ளக்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. கூட்டம் இல்லாத மதியங்களில் செல்போனிலேயே எழுதி, வாரம் ஒரு அத்தியாயமாக ஒரு கதைச் செயலியில் போட்டுவந்தேன். எனக்கு எழுத வரும் என்பதில் ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை.

கதை இதுதான். இந்தக் காலத்து நர்ஸ் ஒருத்தி கரியாலூர்ப் பக்கம் அருவியில் வழுக்கி விழுகிறாள். எழுந்து பார்த்தால் இரண்டாம் உலகப் போர்க் காலம். மலையில் சாமை விதைக்கும் ஒருவன் அவளைத் தூக்கிவிடுகிறான். இருவருக்கும் காதல். அவனோ பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போகப்போகிறவன். போரில் செத்தவர்களுக்காக அவன் ஊரில் பிற்பாடு நட்ட கல்லில் அவன் பெயரை நம் காலத்திலேயே படித்துவிட்டு வந்தவள் அவள்.

வாசகர்கள் பலர் இருந்தார்கள். நான் பொருட்படுத்தியது இரண்டு பேரைத்தான். என் கணவர் ராணுவத்தில், வடக்கே எல்லையில் இருந்தார். சிக்னல் கிடைக்கும்போது படிப்பார். மாமியாருக்கு எழுத்து தெரியாது. கரும்பு வெட்டிவிட்டு வந்து, குளித்துச் சோற்றுத் தட்டோடு உட்காருவார். நான் படித்துக் காட்டுவேன்.

பயிற்சி முகாமிலிருந்து நாயகன் எழுதும் கடிதத்தில் நிலாவைப் பற்றியே ஒரு பக்கம் வைத்திருந்தேன். கணவர் போனில் சிரித்தார்.

"எவன் நிலாவப் பத்தி எழுதிக்கினு இருப்பான்? வூட்டாண்ட மழ பேஞ்சுதா, மாடு கன்னு போட்டுச்சான்னுதான் கேப்பான்."

ரோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றே திருத்தினேன்.

பிறகு எல்லையில் பதற்றம் என்றார்கள். பத்து நாள் அவரிடமிருந்து போன் இல்லை. நாயகன் சாகிற அத்தியாயம் அந்த வாரம்தான் வர வேண்டும். மாமியார் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அந்தப் புள்ளைய சாவடிக்கப் போறியா?"

"ஆமா அத்த."

"அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, போவாதன்னு தடுக்கக் கூடாதா? நம்ம வூட்டுப் புள்ளையும் அங்கதான இருக்கான்."

அந்த வாரம் நான் எழுதவில்லை. தவறவிட்டது அந்த ஒரு வாரம்தான்.

பதினோராம் நாள் அவரே கூப்பிட்டார். நன்றாக இருப்பதாகச் சொன்னார். அடுத்த கேள்வி, "கத இன்னா ஆச்சு?"

மாமியார் கேட்டதைச் சொன்னேன். "அவ எல்லாத்தையும் சொல்லிட்டா அவன் நின்னுடுவான் இல்லீங்க?"

"சொல்லட்டும். ஆனா போவான்."

"சாவப்போறோம்னு தெரிஞ்சுமா?"

"கூடப் போறவனுங்கள வுட்டுட்டு எப்டி நிக்கிறது? நீ எழுது."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கதையில் வருபவனைப் பற்றி மட்டும் பேசவில்லை. போனை வைத்ததும் அழுதேன்.

மறுநாள் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றபடியே அந்த அத்தியாயத்தை எழுதி முடித்தேன். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். அவன் கேட்பது ஒன்றுதான்: "கல்லுல எத்தினி பேரு?"

"ஆறு."

"மத்த அஞ்சு பேரு யாரு?"

பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு புறப்படுகிறான். அவள் நம் காலத்துக்குத் திரும்பி, மலையேறி அந்தக் கல்லைப் பார்க்கிறாள். அவன் பெயர் இருக்கிறது. மற்ற ஐந்தில் இரண்டு பெயர்கள் இப்போது இல்லை.

படித்துக் காட்டி முடித்ததும் மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த ரெண்டு பேரும் ஊருக்கு வந்து கண்ணாலம் பண்ணிக்கினாங்களா?"

"பண்ணிக்கினாங்க அத்த."

"அப்ப அதயும் எழுது."

எழுதினேன், ஒரே பக்கம். ஒரு பதிப்பகம் நாவலைப் புத்தகமாக்க முன்வந்தபோது, கடைசிப் பக்கம் வேண்டாமே என்றார்கள். அது இல்லாமல் புத்தகம் இல்லை என்றேன், ஒப்புக்கொண்டார்கள். தீபாவளி லீவில் கணவர் வந்திருந்தபோது முதல் பிரதி வந்தது. தன் அம்மாவுக்கு அந்தப் பக்கத்தை அவரே வாய்விட்டுப் படித்துக் காட்டினார்.