எண்பத்தேழு டிகிரியில் கொதித்த தண்ணீர்

நெய்டா சோக்கே மாதிரி ஒரு பிடிவாதக்காரியை நாலாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் எல் ஆல்ட்டோ மேட்டில் நான் பார்த்ததில்லை. அவள் அம்மா சந்தையில் சூடான சோளக்கஞ்சி விற்கிறவள். மகள் நர்ஸாக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அதற்குக் கடைசி வருஷம் பாஸாக வேண்டும். நாங்கள் பக்கத்து வீடு, ஒரே வகுப்பு.

பள்ளியை மூடி, பாடமெல்லாம் போனுக்குள் வந்த வருஷம் அது. இயற்பியல் வாத்தியார் எர்லான் பாக்கா கீழே சமவெளியில், சாந்தா குரூஸ் நகரத்தில், தன் வீட்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பாடம் எடுப்பார். மலைக்காரர்களைக் கண்டாலே ஆகாது அந்த ஆளுக்கு. "தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்கும்? ஆதாரம் காட்டி வாதாடணும்" என்றார். நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் நூறு என்று எழுதினோம். நெய்டா மட்டும் எண்பத்தேழு.

"சுத்தப் புளுகு! மேல காத்து கம்மியாச்சே, மூளைக்கும் போகலையா?"

"காத்து கம்மிங்கிறதுதான் சார் காரணம். தண்ணிய அமுக்குற காத்து கொறைஞ்சா சீக்கிரம் கொதிச்சிடும். அதான் எங்க ஊர்ல குக்கர் இல்லாம உருளைக்கிழங்கு வேகாது."

"உன் தெர்மாமீட்டர் ஓட்டை!"

அவள் அசரவில்லை. பால் பண்ணை மாமாவிடம் வாங்கிய தெர்மாமீட்டரை உருகும் பனிக்கட்டியில் செருகி போனுக்கு முன்னால் காட்டினாள். பூஜ்யம். "சரியாத்தானே காட்டுது? நீங்க உங்க வீட்டுத் தண்ணிய அளந்து பாருங்க சார்."

வீம்புக்கு அளந்தார். தொண்ணூற்றொன்பதைத் தொடவில்லை.

"நூறு எங்க சார்?" என்றாள். எவனோ களுக்கென்று சிரித்தான். பாக்கா அவளை வகுப்பிலிருந்தே வெளியே தள்ளிவிட்டார்.

வருஷக் கடைசியில் அவளுக்கு ஐம்பது மார்க். பாஸுக்கு ஐம்பத்தொன்று. பாவி மனுஷன்!

அவள் அம்மா தலைமையாசிரியரிடம் ஓடினாள். "வேற ஒரு பிள்ளையாவது எண்பத்தேழுன்னு சொல்லட்டும், பார்க்கலாம்" என்றாராம். அங்கிருந்து அம்மா நேரே எங்கள் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு எங்க அடுப்புல தண்ணி கொதிக்கையில தெர்மாமீட்டரைப் பிடிச்சிருந்தது நீதானே கண்ணு? வந்து ஒரு வார்த்தை சொல்லு."

நான்தான் பிடித்திருந்தேன். எண்பத்தேழு என்று உரக்க வாசித்ததும் நான்தான். வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பார்த்து நூறு என்று எழுதினேன். எனக்கு எண்பத்திரண்டு மார்க்.

"ஞாபகம் இல்லையே அத்தை" என்றேன்.