வெளியே திரும்பிய பலகை

விஜிதரனுக்குக் கம்பஸில் வைத்த பெயர் கொழுந்து. ஸ்கந்தபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். தேயிலைச் செடியை அவன் நேரில் கண்டதில்லை. அவனுடைய தாய் அழகம்மாவே கைக்குழந்தையாக மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்குத் தூக்கிவரப்பட்டவர். நெல்லும் கச்சானும்தான் அவருக்குத் தெரிந்த பயிர்கள். முதல் வாரப் பகிடிவதையில் சீனியர் ஒருவன், "உன்ர பூர்வீகம் எங்க?" என்று கேட்டான். இவன் உண்மையைச் சொன்னான். பெயர் அந்த இடத்திலேயே விழுந்தது.

அதைவிடப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் அவன் சொல்வான். வெயிலில் நிற்கவிட்டார்கள். சீனியர்கள் எல்லோருடைய பெயரையும் ஊரையும் பாடமாக்கச் சொன்னார்கள். மறந்தவன் முழங்காலில் நின்றான். பிறகு எல்லாம் முடிந்து, நிற்கவிட்டவர்களே தோளில் கைபோட்டுக் கன்டீனுக்குக் கூட்டிப்போனார்கள். சதீஸ் என்ற நண்பன் அப்படிக் கிடைத்தவன். இவனுடைய வகுப்புக்காரன், பக்கத்தில் முழங்காலில் நின்றவன்.

ஒருமுறை சதீஸ் ஸ்கந்தபுரத்துக்கு வந்திருந்தான். குசினி வாசலில் நின்று, "டேய் கொழுந்து, உங்கட அம்மான்ர சம்பலுக்காகவே இஞ்ச வந்து இருந்திடலாம்டா" என்றான். அழகம்மா தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். கை ஒரு கணம் நின்று பிறகு தொடர்ந்தது. சதீஸ் போன பிறகு கேட்டார்.

"ஏம்ப்பா ஒன்ன அப்படிக் கூப்புடுறாங்க?"

"சும்மா பகிடிக்கு அம்மா."

"அந்தப் புள்ளைய என்னான்னு கூப்புடுவாங்க?"

"கொக்கு."

"அது ஒசரத்துக்கு" என்றார் அழகம்மா.

இரண்டாம் வருடத்தில் விஜிதரன் குப்பி எடுக்கத் தொடங்கினான். பரீட்சைக்கு முன்னர் சீனியர்கள் ஜூனியர்களுக்குப் பின்னேரங்களில் நடத்தும் வகுப்புக்குக் குப்பி என்று பெயர். குப்பிவிளக்கில் படித்த காலத்துப் பெயராக இருக்கலாம். உயர்தரத்தில் உயிரியல் படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்குக் கணிதம் பயம். குப்பி இல்லாமல் பாஸ் பண்ணுகிறவர்கள் குறைவு. பகிடிவதையில் பெயர் வாங்காதவனுக்குக் குப்பி இல்லை என்பது எழுதாத சட்டம். யாரும் யாரையும் பிடித்து இழுத்துவருவதில்லை. ஜூனியர்கள் தாங்களாகவே வந்து வரிசையில் நின்றார்கள்.

அந்த வருடம் அஸ்வர் என்ற ஜூனியர் மட்டும் வரிசையிலிருந்து விலகினான். முல்லைத்தீவுக்காரன். பெயர் வைப்பதற்காக அவனை முன்னால் கூப்பிட்டபோது, "என்ர பெயர் அஸ்வர் அண்ணா. அதையே கூப்பிடுங்கோ, காணும்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். மற்ற ஜூனியர்கள் அவனோடு பேசக்கூடாது என்று சதீஸ் அன்றைக்கே சொன்னான். அவர்களும் பேசவில்லை. இடைப் பரீட்சையில் அஸ்வருக்குக் கணிதம் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை பஸ் நிறுத்தத்தில் அவனை விஜிதரன் கண்டான். காலடியில் பெரிய பை. கட்டிலில் போடும் மெத்தையும் சுருட்டிக் கட்டியிருந்தது.

"எங்க, வீட்டுக்கோ?"

"ஓம் அண்ணா. இனி வாப்பான்ர கடையில நிக்கலாமெண்டு."

விஜிதரன் ஒரு யோசனை வைத்திருந்தான். நல்ல யோசனை என்றே நினைத்தான்.

"ஒருநாள் மட்டும் வா. நானே நடத்துறன். ஒரு பாட்டு, ஒரு பெயர். அவ்வளவுதான். நல்ல பெயராப் பாத்து வைக்கிறன். பிறகு குப்பிக்கு வரலாம்."

அஸ்வர் வீதியைப் பார்த்தான். பஸ்ஸைக் காணவில்லை.

"உங்களுக்கு வைச்ச பெயர் நல்ல பெயரோ அண்ணா?"

விஜிதரன் பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. மெத்தையைத் தூக்கி ஏற்றிவிட்டது அவன்தான். அறைக்குத் திரும்பியதும் ஃபோனில் அஸ்வருக்கு எழுதி அனுப்பினான்: புதன் பின்னேரம் குப்பி. எல்லாருக்கும்.

புதன்கிழமை அஸ்வர் வந்தான். மெத்தையைக் கொண்டுவரவில்லை.

குப்பி நடக்கும் மண்டப வாசலில் சதீஸ் நின்றான். "அஸ்வர் ஐயா வெளியில இருந்து காத்து வாங்கட்டும்" என்றான். உள்ளே சிரித்தார்கள். அஸ்வர் எதிரே நின்ற வேப்பமரத்தின் கீழே போய் உட்கார்ந்து கொப்பியை விரித்தான்.

விஜிதரன் பலகையில் ஒரு கணக்கை எழுதினான். பாதியில் நிறுத்தினான். சில்லுப் பூட்டிய வெள்ளைப் பலகை அது. அதைத் தள்ளிக்கொண்டு சதீஸைக் கடந்து வாசலுக்கு வெளியே போனான். மரத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தான்.

"டேய் கொழுந்து, விசரே உனக்கு?"

அவன் திரும்பவில்லை. மிச்சக் கணக்கை எழுதினான்.

சோளகக் காற்றுத் தொடங்கிய நாட்கள். புழுதியோடு வந்த காற்றில் பலகை உருண்டு சுற்றியது. அஸ்வர் எழுந்தோடி வந்து பின்பக்கத்தில் பிடித்துக்கொண்டான். அங்கிருந்து அவனுக்குப் பலகை தெரியாது.

"நீ போய் எழுது" என்றான் விஜிதரன். "வேற ஆரும் வந்து பிடியுங்கோ."

மண்டபத்திலிருந்து யாரும் வரவில்லை. எல்லோரும் சதீஸைப் பார்த்தார்கள். விஜிதரன் பேனாவை மூடிவிட்டு நின்றான். காற்று ஓய்ந்து மறுபடி எழுந்தது. தர்மபுரத்துக் கஜேந்தினி என்ற ஜூனியர் கொப்பியை மூடிக்கொண்டு எழுந்தாள். சதீஸ் அவளுக்கு வைத்த பெயர் எருமை. அவனைக் கடந்து வந்து பலகையின் கால்களைப் பிடித்தாள்.

"இப்பிடிச் சரியோ அண்ணா?"

"சரி."

"கெதியா எழுதுங்கோ. புழுதி கண்ணுக்குள்ள போகுது."

அவளுக்கு மாறிப் பிடிக்க இன்னொருத்தி வந்தாள். பிறகு பெடியள் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளே சிலர் அப்படியே இருந்தார்கள். சதீஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து விஜிதரனோடு அவனுடைய வகுப்பில் யாரும் பேசவில்லை. சுற்றுலாவுக்குக் கூப்பிடவில்லை. கன்டீனில் அவன் இருந்த மேசைக்கு ஒருவரும் வரவில்லை. கொழுந்து என்று கூப்பிடுவதும் நின்றது. வேறு எதுவும் சொல்லிக் கூப்பிடவுமில்லை. அது அவனுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. சதீஸ் இல்லாத கம்பஸ் அவனுக்குப் பழக்கமில்லை. ஆனால் புதன்கிழமைக் குப்பியை விடவில்லை. அஸ்வர் கணிதத்தில் சீ எடுத்துப் பாஸ் பண்ணினான். அடுத்த முறை ஊருக்குப் போய் வந்தபோது மெத்தையும் வந்தது.

அடுத்த வருடப் பிள்ளைகள் வந்த முதல் நாளே அஸ்வரும் கஜேந்தினியும் அவர்களிடம் போய் ஒன்றே ஒன்றைச் சொன்னார்கள்: குப்பி புதன்கிழமை, எல்லாருக்கும், பெயர் தேவையில்லை. சதீஸும் கூட்டாளிகளும் மண்டபத்துக்குப் பின்னால் பெயர் வைக்கக் காத்து நின்றார்கள். வந்தவர்கள் ஒருசிலர். அவர்களும் வெயில் ஏற, பாடம் இருக்கிறதென்று கலைந்து போனார்கள்.

அன்றைக்கு மத்தியானம் கன்டீனில் விஜிதரனின் மேசைக்கு முன்னால் சதீஸ் வந்து நின்றான்.

"உன்னாலதான்ரா. ஒருத்தனுக்கும் பயமில்லை இப்ப."

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு. விஜிதரன் எதிரே இருந்த கதிரையைக் காலால் தள்ளிவிட்டான்.

"இரு. சாப்பிட்டியே?"

சதீஸ் கதிரையை இழுத்தான். பிறகு, "இல்லை" என்று சொல்லியபடி அதில் உட்கார்ந்தான்.