இரண்டால் வகுக்காத கணக்கு

போன ஆனி மாதம், சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூட வாசலில் நடந்தது இது. பத்தாம் வகுப்புத் துணைத்தேர்வு, அன்று கணக்குப் பரீட்சை. எழுத வந்தவள் என் மருமகள். அவளுக்கு வயது முப்பத்தொன்பது.

சின்ன வயதில் கணக்கில் மட்டும் தேறாமல் படிப்பை விட்டவள் அவள். என் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். குருவிகுளம் பக்கத்தில் எங்கள் ஊர். மழை பெய்தால் வெள்ளாமை, இல்லாவிட்டால் இல்லை. ஊர் அங்கன்வாடியில் உதவியாளர் வேலை காலியாகப் போவதாகச் சொன்னார்கள். பத்தாவது தேறியிருக்க வேண்டும், நாற்பது வயதைத் தாண்டக் கூடாது. ஆக, அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

நான் அந்தக் காலத்து பி.யூ.சி. யூனியன் ஆபீசில் ஆடு, மாடு, கிணறு என்று எண்ணியே ஓய்வு பெற்றவன். எண்ணுவதை மட்டும் இன்னும் விட முடியவில்லை. பஸ்ஸில் ஏறினால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று மனசு தானாக எண்ண ஆரம்பித்துவிடும். அன்றைக்கும் அவள் பையில் பேனா எத்தனை என்று மூன்று தடவை பார்த்துவிட்டேன். எனக்கே அலுப்பாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய?

அவளுக்குக் காரணிப்படுத்துதல் வராது. இருபடிக் கோவையைப் பார்த்தாலே முகம் வாடிவிடும். செல்போனில் பாடம் பார்த்துத்தான் படித்தாள். பெருக்கல்குறி மாதிரி இரண்டு கோடு போட்டு, மேலே முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பெருக்கிய தொகை, கீழே கூட்டல் தொகை, இரண்டு பக்கமும் அதற்குப் பொருந்தும் எண்கள் என்று எழுதுவாள். நான் படித்த காலத்தில் கோடும் கிடையாது, குறியும் கிடையாது. நடு உறுப்பை இரண்டாகப் பிரித்து, பொதுவானதை வெளியே எடுப்போம். ஒருநாள் அவள் எழுதிய தாளை எட்டிப் பார்த்தேன்.

"என்னம்மா இது, கடைசில போய் ரெண்டால வகுக்கே? இந்த வகுத்தல் எங்கேருந்து வந்துச்சு?"

"அப்படித்தான் மாமா போட்டுக் காட்டுதாங்க."

"காட்டுதவன் ஆயிரம் காட்டுவான். நீ நான் சொல்லுதபடி போடு."

அதிலிருந்து தினமும் காப்பி ஆறும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பேனாவை வைக்குமுன்னே நான் அடுத்த வரியைச் சொல்லிவிடுவேன். அவளும் மறுத்துப் பேசியதில்லை.

பரீட்சை அன்று சீக்கிரமே வந்துவிட்டோம். காற்று மண்ணை வாரி அடித்தது. பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி ஒரு வேப்பமரத்தடியில் நின்றோம். சும்மா இருந்திருக்கலாம். பழைய காலண்டர் தாள் ஒன்றை நீட்டி, "இதை மட்டும் ஒரு தடவை போட்டுக் காட்டு" என்றேன். 2x² − 7x − 15.

அவள் கோடு போட்டாள். மேலே −30, கீழே −7. பக்கத்துக்கு ஒன்றாக −10, +3. அதுவரை சரி. பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, (x − 10)(x + 3) என்று எழுதி நிறுத்தினாள்.

"ரெண்டு எங்கம்மா போச்சு? முன்னால நின்ன ரெண்டு எங்க போச்சுங்கேன்!"

"தெரியல மாமா."

"தெரியலன்னா எப்படி? இன்னும் கொஞ்ச நேரத்துல உள்ள போகணும்!"

என் குரல் எனக்கே அதிகமாகத்தான் கேட்டது. சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். அவள் பேனாவை மூடினாள்.

"நான் வீட்டுக்குப் போறேன் மாமா. எனக்கு இது வராது. திருவேங்கடம் பஸ் இப்ப வரும்."

சொன்னதோடு நிற்கவில்லை, பையை எடுத்துக்கொண்டு நடக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

பக்கத்தில் ஒரு தம்பதி நின்றிருந்தார்கள். சிவகிரிக்காரர்கள். பரீட்சை எழுத வந்தவர் கணவர், நல்ல ஆகிருதியான ஆள். கூட வந்திருந்த மனைவிதான் குறுக்கே போய் என் மருமகளின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, ஒரு நிமிசம். அந்தத் தாளைக் குடுங்க. இதைத் திருப்பிப் பெருக்கிப் பாருங்க, என்ன வருதுன்னு."

மருமகள் நின்றபடியே பெருக்கினாள். x² − 7x − 30 வந்தது.

"நம்ம கணக்கு இதுவா?"

"இல்ல."

"அப்ப வழியில எங்கயோ ரெண்டு தொலைஞ்சிருக்கு. இப்படிக் கோடு போட்டா, கடைசில ரெண்டு பக்கத்தையும் ரெண்டால வகுக்கணும்லா?"

"வகுப்பேன். மாமாதான் அது தப்புன்னாங்க."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். நான் நடு உறுப்பைப் பிரிக்கும் முறையை எடுத்துச் சொல்லத் தயாரானேன்.

"தப்பில்ல அண்ணாச்சி. அதுவும் சரியான வழிதான். பத்தை ரெண்டால வகுத்தா அஞ்சு, அது x − 5. மூணை வகுக்க முடியாது, அதனால ரெண்டு x பக்கம் போயிரும், 2x + 3. உங்க வழியில போட்டாலும் இதே விடைதான். அங்க பாதி இங்க பாதின்னு போனாத்தான் ரெண்டு தொலையும்."

மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். வந்தது. இத்தனை வருஷம் எண்ணிய எனக்கு, அந்த வகுத்தலை ஒரு தடவை சரிபார்க்கத் தோன்றவில்லை.

"நீ என்னம்மா படிச்சிருக்கே?"

"பி.எஸ்சி. கணக்கு அண்ணாச்சி. இப்ப இவுகளுக்குச் சமைக்கேன்." கணவரைக் காட்டிச் சிரித்துவிட்டு, "இவுகளையும் கூட்டிட்டுப் போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள்.

"நேரம் ஆகுதேம்மா."

"நேரம் கெடக்கு. மெதுவாவே வாங்க."

அதட்டவில்லை, வீட்டுக்கு வந்தவரைக் கவனிக்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனாலும், இங்கே நிற்காதே என்கிறாள் என்பது புரிந்தது. புரிந்தபோது ஏனோ கோபம் வரவில்லை. உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

டீக்கடை பெஞ்சில் அவள் கணவர் என் தோளைத் தட்டினார்.

"வெசனப்படாதீங்க அண்ணாச்சி. எங்க வீட்டுலயும் இதே கூத்துதான். மொதல்ல எம் பக்கத்துலயே உக்காந்து சொல்லிக் குடுத்தா. அவ மூஞ்சியப் பாத்தா எனக்கு ஒண்ணும் ஓடாது. ஒருநாள் அவளே கண்டுபிடிச்சிட்டா. கணக்கைக் குடுத்துட்டு அடுப்படிக்குப் போயிருவா. அவ தோசை சுட்டு முடிக்கதுக்குள்ள நான் போட்டிருப்பேன்."

"தப்பா இருந்தா?"

"பெருக்கிப் பாத்தா எனக்கே தெரிஞ்சிருமே! அதுக்கு அவ எதுக்கு?"

நான் டீயைக் குடித்தேன். சர்க்கரை போடக்கூடாது என்று சொல்ல மறந்துவிட்டேன்.

திரும்பியபோது மருமகள் தாளின் பின்பக்கம் வேறொரு கணக்கைத் தானே போட்டு, தானே பெருக்கிக் கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. நானும் கிட்டே போகவில்லை. மணி அடித்ததும் அவள் உள்ளே போவதைத் தூரத்திலிருந்தே பார்த்தேன்.

வெளியே வந்தவளிடம் கேட்க எவ்வளவோ இருந்தது. எத்தனை விட்டாய், எத்தனை எழுதினாய் என்று நாக்கு நுனி வரை வந்தது. "பன்னீர் சோடா குடிக்கியாம்மா?" என்று மட்டும் கேட்டேன். அவளேதான் சொன்னாள்: "ஒரு கணக்கு வந்துச்சு மாமா. பெருக்கிப் பாத்தேன். சரியா வந்துச்சு."

தேறிவிட்டாள். விண்ணப்பம் போட்டிருக்கிறாள்; வேலை வந்தால்தான் நிச்சயம். அந்தச் சிவகிரிக்காரர் தேறினாரா என்பது தெரியாது. எல்லாவற்றையும் எண்ணுகிறவன், அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போதும் வீட்டில் யாராவது ஒரு வேலையில் குனிந்திருந்தால், பக்கத்தில் போய் நின்று சரிபார்க்கக் கால் பரபரக்கிறது. அப்போதெல்லாம் "மெதுவாவே வாங்க" என்ற அந்தக் குரல் நினைவுக்கு வரும். எழுந்தவன் அப்படியே மறுபடி உட்கார்ந்துகொள்வேன். அவர்களுக்கு மட்டுமல்ல, எனக்கும் அதில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது.