யாஸ்மினின் கணினியில் விடுபட்ட பொத்தான்

திருவொற்றியூரில் எங்கள் தெருப் பிள்ளைகளின் மாலை வகுப்புக்கு ஐந்து சிறிய மடிக்கணினிகள் வந்தன. அலுவலகத் தட்டச்சு மென்பொருளைச் சிறுவர்களுக்கு ஏற்ப மாற்றியது ஓய்வுபெற்ற பொறியாளனான நான்தான். மெனுக்களையும், மூடும்போது 'சேமிக்கவா?' என்று கேட்கும் எச்சரிக்கைப் பெட்டிகளையும் நீக்கி, எழுத்துகளைப் பெரிதாக்கி, என் வீட்டுப் பெரிய திரையில் மட்டும் சரிபார்த்தேன்.

வகுப்பில் சிறுவர் கதைப் போட்டி ஒன்றுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்த யாஸ்மின், அனுப்ப வேண்டிய கடைசி நாளிலும் முதல் பக்கத்திலேயே இருந்தாள். எல்லோர் முன்னும் "சோம்பேறி" என்று திட்டிவிட்டேன்.

"இன்னா தாத்தா, டெய்லி மொதல்லேர்ந்து அடிச்சுகினு கீறேன். மூடுனா உன் கம்ப்யூட்டர்தான் மறந்துடுது!"

குனிந்து பார்த்தேன். நான் பெரிதாக்கிய எழுத்துகள் தள்ளியதில், 'சேமி' பொத்தான் அந்தச் சிறிய திரையின் விளிம்புக்குக் கீழே மறைந்திருந்தது. மற்ற பிள்ளைகள் அன்றன்றே முடியும் பயிற்சிகளை மட்டும் அடித்ததால் இது வெளியே தெரியவில்லை. எல்லோர் முன்னும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல நானே தட்டச்சு செய்து, கதையை நேரத்துக்குள் அனுப்பினேன்.

இப்போது எதை மாற்றினாலும் பிள்ளைகளின் கணினியிலேயே அடித்து, சேமித்து, மூடித் திறந்து பார்க்கிறேன். ஒரு பிள்ளை பின்தங்கினால், முதலில் என் வேலையைத்தான் சந்தேகிக்கிறேன்.